புறநகர்க் கற்கள் – 6: பல்லாவரத்துக் கல்லும் வண்டிக்கூலியும்

பரங்கிமலையில் தலைதூக்கி, திரிசூலம், பல்லாவரம், பம்மல் என்று விட்டுவிட்டு எழுந்து திருநீர்மலைப் பக்கம் போகிற குன்றுகளைப் பற்றிப் புவியியல் படித்த யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமையைச் சொல்வார்கள். உலகம் முழுவதும் சார்னோக்கைட் என்று வழங்கும் பாறைக்கு இந்தக் குன்றுகள்தாம் மூல இடம். நார்வேயிலோ அன்டார்டிக்காவிலோ அதே இனப் பாறையைக் காண்கிற ஆராய்ச்சியாளர் பல்லாவரத்தின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. இந்தப் பெருமைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கல்லின் தரம்: கெட்டியான கல், கருத்த கல், மெருகேறும் கல், ஆகவே தேடி வந்து வெட்டினார்கள், ஆகவே புகழ் பெற்றது. இந்த விளக்கம் தலைகீழானது என்பது என் கருத்து. பல்லாவரத்துக் கல்லை வெட்ட வைத்தது அதன் தரம் அல்ல, அது கிடந்த இடம். சென்னைக் கோட்டைக்கும் குன்றுக்கும் நடுவே இருந்த இருபது கிலோமீட்டர் தூரமே இந்தக் கல்லைக் கல்கத்தா வரைக்கும் கொண்டுபோனது, அறிவியலில் ஏற்றியது, குன்றுகளைக் குழிகளாக்கியது, கடைசியில் குவாரிகளுக்கு மூடுவிழாவும் நடத்தியது. தென்புறநகரின் கல் வரலாறு பெரும்பாலும் வண்டிக்கூலியின் வரலாறு.

முதலில் கல்லைப் பார்த்துவிடுவோம். கட்டடக்காரர்கள் எதை வேண்டுமானாலும் கருங்கல் என்பார்கள்; அதில் தவறில்லை, அவர்களுக்கு வேண்டியது அதன் உறுதி மட்டும். புவியியலாளருக்கு இது சாதாரண கிரானைட் அல்ல. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இதிலும் உண்டு. ஆனால் கருப்பு அப்பிரகமோ ஹார்ன்பிளெண்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உட்கார்ந்திருக்கும். தண்ணீர்ச் சத்து மிகக் குறைந்த, வெப்பம் மிகுந்த சூழலில்தான் இந்தச் சேர்க்கை நிலைக்கும். பூமிக்கடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரி வெப்பத்தில் வெந்த பாறை இது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கரைந்துபோன பிறகு அடித்தளம் வெளியே தெரிகிறது, அதன் மேல்தான் விமான நிலையத்தைப் பார்த்தபடி வீடுகள் நிற்கின்றன. புதிதாக உடைத்த முகத்தில் இந்தக் கல் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். குவார்ட்ஸ்கூட நீலம் பாய்ந்திருக்கும். வெயிலும் மழையும் பட்டு நாளான பரப்போ வெறும் பழுப்பு. இந்தக் கடைசி விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

தரம்தான் காரணம் என்ற வாதத்தில் முதல் ஓட்டை, இந்தக் கல் பல்லாவரத்தின் தனிச் சொத்து அல்ல என்பது. நீலகிரி முழுக்க இதே இனம். சேர்வராயன் மலையும் இதுதான். தெற்கே நாகர்கோவில் வரையிலும், மேற்கே கேரளத்திலும், கடல் தாண்டி இலங்கையின் மலைநாட்டிலும், வடக்கே விசாகப்பட்டினம் தொடங்கி ஒடிசாவுக்குள் போகும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் சார்னோக்கைட் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. பல்லாவரத்துக் குன்றுகள் இந்தப் பெரும்பரப்பின் கடலோரத் துணுக்கு. உயரமும் பெரிதில்லை, பரங்கிமலை முந்நூறு அடி என்றால் அதிகம். நல்ல கல் வேண்டியவர்களுக்கு நாடெங்கும் இருந்தது. பிறகு ஏன் இந்தத் துணுக்கை மட்டும் முந்நூறு ஆண்டுகளாகத் தோண்டினார்கள்?

கல்லின் எடையில் விடை இருக்கிறது. ஒரு கன மீட்டர் பாறை ஏறக்குறைய 2.7 டன். ஆறடி நீளம், மூன்றடி அகலம், அரையடி கனத்தில் ஒரு பலகை வெட்டினால் 700 கிலோவுக்குப் பக்கம் வரும். இரட்டை மாட்டு வண்டிக்கு அந்த ஒரு பலகையே நல்ல பாரம். பல்லாவரத்திலிருந்து கோட்டைக்கு வண்டி ஒரே நாளில் போய்விடும். அதே பலகை செங்கல்பட்டைத் தாண்டி வர வேண்டுமானால் மூன்று நாள். மாட்டுக்குத் தீனி, வண்டிக்காரனுக்குப் படி, வழியில் ஆறுகள். கல்லின் விலையை வெட்டுகூலி பாதி தீர்மானித்தால் வண்டிக்கூலி மீதியைத் தீர்மானிக்கும். தூரம் கூடக் கூட அந்த மீதி முழுவதையும் விழுங்கிவிடும். 1640இல் மணற்பாங்கான கடற்கரையில் கோட்டை கட்டத் தொடங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பக்கத்தில் பாறை என்று ஒன்று கிடையாது. கோட்டையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் முதலில் காலில் இடறுவது பரங்கிமலை, அடுத்தது பல்லாவரம். தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை.

தரம் ஓர் இழுப்பாக இருந்தது என்பதைவிடத் தடையாக இருந்தது என்பதற்குத்தான் சான்று அதிகம். பழைய கற்கால மனிதர்களே இதற்கு முதல் சாட்சி. 1863 மே 30ஆம் தேதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் படைத்திடலில் ஒரு சரளைக் குழியருகே கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார்; இந்தியாவின் பழைய கற்காலம் என்ற ஆய்வுத்துறையே அந்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. அந்த ஆயுதம் குவார்ட்சைட் கல்லால் ஆனது. சுற்றிலும் குன்று குன்றாகச் சார்னோக்கைட் நிற்க, அதைத் தொடாமல் சரளையில் உருண்டு கிடந்த குவார்ட்சைட்டைப் பொறுக்கியிருக்கிறார்கள், ஏனென்றால் சார்னோக்கைட்டில் கூரான சில்லு பெயர்த்தெடுப்பது கடினம். பல்லவர் காலத்துக்கு வந்தால், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்துக் குன்றைக் குடைந்து ஐந்து கருவறைகள் கொண்ட ஒரு குடைவரையை அமைத்து, தன் பட்டப்பெயர்களைப் பொறித்து வைத்தான். இன்று அது தர்கா. கோயில் உறுதியானது, அமைதியானது, ஆனால் சிற்பச் செழிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மகேந்திரனின் குடைவரைகள் பொதுவாகவே எளியவை என்பது உண்மை. உளி சறுக்குகிற கல்லும் அந்த எளிமைக்குத் துணை நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஃபூட்டின் சரளைக் குழி எங்கே இருந்தது என்பதையும் இங்கே கவனிக்கலாம். அது படைமுகாமின் பக்கத்தில் தோண்டப்பட்ட குழி. முகாம் இல்லையென்றால் குழி இல்லை, குழி இல்லையென்றால் அந்த மே மாதத்துக் கண்டுபிடிப்பு வேறு எங்காவது வேறு ஒரு தேதியில் நடந்திருக்கும்.

இனி இந்தக் கதையின் புகழ்பெற்ற பகுதி. கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. 1690 ஆகஸ்டில் சுதானூட்டிக் கரையில் இறங்கிக் கம்பெனிக்கு அங்கே இடம் பிடித்துக் கொடுத்த ஜாப் சார்னோக் 1693 ஜனவரியில் இறந்தார். மருமகன் சார்லஸ் அயர் அந்த மண்டபத்தை எழுப்பினார். சுற்றியிருக்கும் தேவாலயமே நூறாண்டு கழித்து வந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹென்றி ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, சென்னைக்குப் பக்கத்துக் குன்றுகளில் தாம் பார்த்த பாறை இதுதான் என்று கண்டார். 1893இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பாறைக்குச் சார்னோக்கின் பெயரைச் சூட்டினார். தலைநகரத்துக்கு இந்தப் பாறையின் முதல் மாதிரி வரத் தன்னை அறியாமலே காரணமாக இருந்தவர் என்ற மரியாதை. 1900இல் துறையின் நினைவேட்டுத் தொகுதியில் பரங்கிமலை, பல்லாவரம் தொடங்கித் தீபகற்பம் முழுவதற்கும் இந்தப் பாறைத் தொகுதியை விரிவாக வரையறுத்தார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாவில் புதைந்த வெள்ளைக்காரரின் பெயரா என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் பெரிதில்லை. பெயர் வைத்தது யார் என்பதைவிட, 1690களில் ஒரு கல்பலகை கடல்வழியே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் போனது எப்படி என்ற கேள்விதான் வரலாற்றுக்குப் பயன்படும்.

இங்கே என் வாதத்துக்கே எதிரான ஒரு கேள்வி எழும். தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், அத்தனை தொலைவு போன கல்லை எப்படி விளக்குவது? தரையின் தூரமும் கடலின் தூரமும் ஒன்றல்ல என்பதே பதில். வண்டியில் மூன்று நாள் செலவாகும் பாரத்தைக் கப்பல் ஏறக்குறைய சும்மாவே சுமக்கும். சரக்குக் குறைந்த கப்பலுக்கு அடிப்பாரம் தேவை, கல் அதற்கு ஏற்றது. கடினமான கட்டம் கரையில்தான். சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. எந்தச் சரக்கானாலும் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டிக் கப்பலில் ஏற்ற வேண்டும். ஆனால் அது ஒரு மைல் சிரமம். கல்கத்தாவைச் சுற்றியோ நூறு மைலுக்கும் மேல் வண்டல்தான். பாறை வேண்டுமென்றால் மேற்கே உள்நாட்டுக்குள் போய்த் தரைவழியே இழுத்துவர வேண்டும். கடலுக்கு அருகில் பாறை, பாறைக்கு அருகில் கம்பெனிக் கோட்டை, கோட்டைக்கு வங்காளக் கப்பல்கள் என்று மூன்றும் சேர்ந்த இடத்திலிருந்து கல் போனது. நான் சொல்லும் அருகாமையில் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதும் அடங்கும்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. சார்னோக்கைட் விசாகப்பட்டினத்திலும் இருக்கிறது. அங்கேயும் 1680களிலேயே கம்பெனிக்குப் பண்டகசாலை இருந்தது. ஒடிசாக் கரையில் பாலசோர் இன்னும் அருகில். உருப்பெருக்கியில் ஒரே மாதிரித் தெரிவதால் மட்டும் கல் பல்லாவரத்திலிருந்துதான் போனது என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி, பாறையியல் மட்டும் இதைத் தீர்க்காது. ஆனால் வேறு மூன்று செய்திகள் ஒரே பக்கம் சாய்கின்றன. வங்காளத்தைக் கைவிட்டு வந்த சார்னோக் 1689இல் சென்னையில் தங்கியிருந்தவர். அவருடைய மகள்களுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. மூத்த மகளை மணந்தவர்தான் அயர். இது குடும்பத் தொடர்பு. அடுத்தது கைத்திறன். கல்லறைக் கல் வெறும் பலகை அல்ல. லத்தீன் எழுத்துகளைக் கருங்கல்லில் பிசகின்றி வெட்டத் தெரிந்த கல்தச்சர்கள் வேண்டும். அந்தப் பழக்கம் சென்னையில் இருந்தது என்பதற்கு, செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தளம்போல் பதிக்கப்பட்டிருக்கும் பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களே சாட்சி. மூன்றாவது, சென்னை அன்று கீழைக்கரை முழுவதற்கும் கம்பெனியின் தலைமை இடம். வங்காளத்துக்குப் போகும் கப்பலும் ஆணையும் அங்கிருந்தே புறப்பட்டன. விசாகப்பட்டினத்துக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட அதே வலுவில் கிடையாது.

ஒரு பணக்காரக் குடும்பம் ஒரே ஒரு பலகையை வரவழைத்ததைத் தொழில் என்று சொல்லலாமா என்றும் கேட்கலாம். அதற்குக் கோட்டைக்குள்ளேயே பதில் நிற்கிறது. 1730களில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கடல் வாசலிலிருந்து கோட்டைக்குள் நடந்துவர ஒரு தூண் மண்டபம் கட்டினார்கள். தூண்கள் மெருகேற்றிய கருத்த பல்லாவரத்துக் கல். ஒரு தூணை ஒரே கல்லாக, விரிசலில்லாமல், உருண்டையாக எடுக்கத் திறந்த குவாரியும் தேர்ந்த ஆட்களும் பல ஆண்டுப் பழக்கமும் வேண்டும். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது இந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761இல் புதுச்சேரி விழுந்த பிறகு ஆங்கிலேயர் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு பயணமும் கடல்வழி என்றால் சுலபம், தரைவழி என்றால் பைத்தியக்காரத்தனம். பங்கு கேட்டு அடித்துக்கொள்கிற தாயாதிகள் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் பல்லாவரத்துக் கல்லுக்காக நடந்துகொண்டது நம் வரலாற்றின் சிறு நகைச்சுவைகளில் ஒன்று. அந்தத் தூண்களில் சில இன்றும் கோட்டையின் சட்டமன்றக் கட்டடத்தில் நிற்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரங்கிமலையில் பீரங்கிப் படையும் பல்லாவரத்தில் காலாட்படை முகாமும் வந்தன. 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும்பணிக்கு முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவில்தான் இழுத்தார். குன்று பார்வைக்குப் பயன்பட்டதும் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்ததால்தான். ஆனால் குன்றுகளின் கதியை மாற்றியது 1870களில் தெற்கே போன ரயில்பாதை. தண்டவாளத்துக்குக் கீழே கொட்ட ஜல்லி, பாலத்துக்குக் கல், நகரத்துச் சாலைகளுக்குச் சக்கை என்று தேவையின் தன்மையே மாறியது. அதுவரை நல்ல கல் மட்டும் வெட்டினார்கள். விரிசல் விட்ட பாறையை ஒதுக்கினார்கள். ஜல்லிக்கு எந்தப் பாறையும் ஆகும். விரிசல் இருந்தால் இன்னும் நல்லது, உடைப்பது எளிது. தூணும் பலகையும் செய்யும் குவாரி குன்றின் தோளைச் செதுக்கும்; ஜல்லிக் குவாரி குன்றையே தின்னும். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதும் பாதையோரம் வீட்டு மனைகள் பெருகின. விடுதலைக்குப் பின் கான்கிரீட் காலம். கான்கிரீட்டின் எடையில் ஏறக்குறைய பாதி ஜல்லி. நகரம் வளர்ந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் குன்றில் ஒரு பள்ளம் விழுந்தது.

ஜல்லியைப் போல் விலை மலிந்து எடை மிகுந்த சரக்கு குறைவு என்பதால், தூரத்தின் ஆட்சி இங்கே முழுமை பெற்றது. இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம், அலங்காரத்துக்கு மெருகேற்றி ஏற்றுமதியாகும் கருப்பு கிரானைட். அது தருமபுரியிலும் விழுப்புரத்திலும் வெட்டப்பட்டு ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது; கன மீட்டருக்குக் கிடைக்கும் விலை பயணச் செலவைத் தாங்கும். அதனால்தான் தமிழக அரசு 1977இல் கருப்பு கிரானைட் குத்தகை தனியாருக்கு இல்லை என்று விதி கொண்டுவந்ததும், அது உச்சநீதிமன்றம் வரை போய் 1981இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில் அரசின் பக்கம் தீர்ப்பானதும். பல்லாவரத்து ஜல்லிக்காக இப்படி ஒரு அரசியல் சாசனப் போர் நடந்ததில்லை. தரமான கல் எங்கிருந்தாலும் தேடிப் போவார்கள், சாதாரணக் கல்லைப் பக்கத்தில் மட்டுமே தோண்டுவார்கள் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

மலிவு என்ற சொல்லுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள். பாறையில் ஆப்பு அடித்தும் விறகு மூட்டிச் சூடேற்றியும் பலகை பெயர்க்கும் கலை தென்னிந்தியக் கல்லுடைப்பவர்களுக்குத் தலைமுறைச் சொத்து. அவர்களில் பெரும்பாலோர் போயர் சமூகத்தார். வெடிமருந்து வந்தபின் அந்தக் கலைக்கு மதிப்புப் போய், சம்மட்டிக்கும் கூடைக்கும் மட்டும் ஆள் வேண்டியிருந்தது. ஆண் துளைபோட்டு வெடி வைத்துச் சக்கையை உடைப்பார். பெண்கள் நிழலுக்கு ஒரு ஓலைத்தட்டியைச் சாய்த்துக்கொண்டு ஜல்லி தட்டுவார்கள். கூலி நாளுக்கு அல்ல, லோடுக்கு. முன்பணம் வாங்கியவர் குவாரியை விட்டு நகர முடியாது. கல்லுடைப்பவர்களின் இந்தக் கொத்தடிமை நிலை உச்சநீதிமன்றத்தின் கண்ணில் பட்டது 1983இல், ஃபரீதாபாத் குவாரிகளைப் பற்றிய வழக்கில்; நகரத்தை ஒட்டிய ஜல்லிக் குவாரிகள் என்ற அளவில் ஃபரீதாபாத் டில்லிக்கு என்னவோ அதுதான் பல்லாவரம் சென்னைக்கு. கிரஷர் வந்தபின் சம்மட்டி குறைந்து தூசி கூடியது. குவார்ட்ஸ் நிறைந்த கல்லின் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ். பக்கத்துக் கல் மலிவு என்று நகரம் நினைத்த விலையில் இந்தக் கணக்கு சேர்க்கப்படவில்லை.

அறிவியலுக்கும் இதே அருகாமைதான் கொடை. பழுப்பேறிய பழைய பாறைப் பரப்பில் சார்னோக்கைட்டின் உண்மை நிறமும் சேர்க்கையும் தெரியாது என்று முன்பு சொன்னேன். புதிதாக வெடித்த குவாரி முகம் வேண்டும், மாதம் ஒரு முகம் கிடைத்தால் இன்னும் நல்லது. நீலகிரியில் பாறை ஏராளம், திறந்த குவாரி குறைவு; பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கினால் குவாரி. ஹாலண்ட் இதைப் பாறைக் குழம்பு ஆழத்தில் உறைந்த தீப்பாறை என்றார். 1955இல் ஹோவி என்ற ஆங்கிலேயர் சென்னைக் கற்களின் வேதியியலை அலசி, பாறை பின்னாளில் ஆழத்தில் மீண்டும் உருமாறியது என்று காட்டினார். 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் இன்னும் துணிந்து, ஹாலண்ட் ஒரே குடும்பம் என்று சேர்த்துக்கட்டிய பாறைகளில் கருத்த நோரைட் வகைகள் சேராது, தொகுதியையே பிரித்து எழுத வேண்டும் என்று பல்லாவரத்தை வைத்தே வாதிட்டார். அடுத்த ஆண்டு பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பால் பகுதியில் நைஸ் பாறை சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருக்கும் கட்டத்தையே கல்லில் காட்டியபோது விவாதத்தின் மையம் இங்கிருந்து நகர்ந்தது. அதுவும் ஒரு கல்குவாரியில்தான் கண்டது. குவாரி குன்றை அழித்தது, அந்த அழிவே பாறையை வாசிக்கவும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத சுற்றுச்சூழல் புலம்பலும் அறிவியல் பெருமிதமும் எனக்கு அரைகுறையாகவே படுகின்றன.

குவாரிகள் நின்றதற்குச் சட்டமும் நீதிமன்றமும்தான் காரணம் என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்னது 2012இல். அதற்கு வெகுமுன்பே இந்தக் குன்றுகளைச் சுற்றிய குழிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டுத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. உண்மையில் வேலை செய்தது, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் உள்ள ஒரு சாதாரண வரி: மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது. குவாரி தந்த ஜல்லியில் கட்டிய வீடுகளே குவாரிக்கு 300 மீட்டருக்குள் நெருங்கின. நெருங்கியதும் புதுக் குத்தகை கிடைக்காமல் போனது. இதையும் சட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது தூரத்தை அளக்கும் சட்டம். லாரியும் நெடுஞ்சாலையும் வந்து தூரத்தின் விலை குறைந்தபோது கிரஷர்கள் எருமையூர்ப் பக்கமும், பிறகு மதுராந்தகம், உத்திரமேரூர், வாலாஜாபாத் என்றும் விலகின. ஒரு நாள் வண்டிப் பயணம் என்ற பழைய வட்டம் ஒரு இரவு லாரிப் பயணமாக அகன்றது, அவ்வளவுதான். இடையில் மீனம்பாக்கத்து ஓடுதளத்தை ஒட்டி நிற்கும் குன்றுகள் விமானங்களுக்குத் தடை என்ற புதுக் குற்றச்சாட்டும் சேர்ந்தது. புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஹாலண்டும் சுப்பிரமணியமும் சுத்தியல் வைத்த குவாரி முகங்கள் பலவும் குப்பைக்கும் வீடுகளுக்கும் அடியில் போய்விட்ட பிறகு, பழுப்பேறிய ஒரு பாறைத் துண்டு எதைக் காட்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

குழிகளின் கதை முடிந்ததென்று நினைத்த நேரத்தில் அருகாமை மறுபடியும் கூப்பிட்டது. 2017 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட கல்குழிகளிலிருந்து குடிநீர் வாரியம் தண்ணீர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கோடி லிட்டர் வரை நகரத்துக்கு அனுப்பியது. 2019இல் மீண்டும் சிக்கராயபுரம், கூடவே தாம்பரத்தை ஒட்டிய எருமையூர்க் குழிகளும். கல்குழித் தண்ணீரைக் குடிக்கலாமா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். அடியில் சார்னோக்கைட் போன்ற இறுகிய பாறை இருக்கும் குழியில் தேங்குவது பெரும்பாலும் மழைநீர், சாக்கடையும் குப்பையும் சேராதவரை அது ஏரித் தண்ணீரைவிட மோசமாக இருக்கக் காரணமில்லை. கோடையில் சிறுவர்கள் மூழ்கிச் சாகும் இடங்களாயிற்றே, மண் போட்டு மூடிவிடலாமே என்பவர்களின் கவலையை ஒதுக்க முடியாது. செங்குத்தாக இறங்கும் குவாரிச் சுவரில் கால் ஊன்ற இடமிருக்காது. அதற்கு வேலியும் படியும் காவலும் போதும். மூடுவதற்கு மண் அடிக்க வேண்டும், அந்த மண்ணும் வேறெங்கோ ஒரு குழியிலிருந்துதான் லாரியில் வர வேண்டும். தண்ணீரும் கல்லைப் போலவே எடை மிகுந்த, விலை குறைந்த சரக்கு. ஒரு கன மீட்டர் ஒரு டன். பல கிலோமீட்டர் தள்ளியிருந்து டேங்கரில் கொண்டுவரும் நகரத்துக்கு, பக்கத்தில் ஆழமாக, ஏற்கெனவே வெட்டி முடித்த தொட்டி சும்மா கிடப்பது கட்டுப்படியாகாது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் திருநீர்மலையும் முதல்முறையாக ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்திருக்கின்றன. எந்தக் குழி எத்தனை ஆழம், எதில் குவாரி முகம் இன்னும் பார்க்கும்படி இருக்கிறது, எதில் தண்ணீர் குடிக்கத் தகும் என்று ஒரே பதிவேட்டில் எழுத இப்போது ஓர் அலுவலகம் இருக்கிறது. உத்திரமேரூர்க் குன்றுகளில் இன்று வெடி வைப்பவர்களுக்கும் ஒருநாள் அந்த 300 மீட்டர் விதி வந்து சேரும். அங்கே என்னென்ன கல், யார் வெட்டுகிறார்கள், சென்னைக்கு என்ன விலைக்கு வருகிறது என்பது அடுத்த இதழில்.